மூலைமட்டமும் மனிதனும்

கலைச்சொல்லுக்கு வரலாறு வேண்டியதில்லை என்பார் நம்மிடையே பலர் உளர். கணிதம் கற்பிப்போர், "சொல் வெறும் குறி, குறிக்குப் பொருள் விளங்கினாற் போதும்" என்பர். தமிழ் கற்பிப்போருட் சிலரோ, சொல்லின் வேரைத் தேடுவதாகக் கூறிக்கொண்டு, உலகத்து எச்சொல்லுக்கும் தமிழிலே ஒரு தாயைக் கண்டுபிடித்து மகிழ்வர். முன்னவர் வரலாற்றை ஒதுக்குகின்றனர். பின்னவர் அதனைக் கற்பனையால் நிரப்புகின்றனர். ஆயின் ஒரு சொல் எவர் கையிலே பிறந்தது, பின்னர் எவர் கைக்கு மாறியது, மாறியபோது யாருக்குக் கேடு விளைந்தது என்ற கேள்வியை இரு சாராருமே கேட்பதில்லை.

அக்கேள்வியை ஒரேயொரு சொல்லை முன்வைத்து ஈண்டுக் கேட்க விரும்புகிறேன். அது கேத்திரகணிதத்திலே செங்கோணத்தோடு ஒட்டிப் பிறந்த சொல். ஆங்கிலத்தில் 'நோர்மல்' என்பர். வளையியொன்றின் தொடலிக்குச் செங்குத்தாக நிற்கும் கோட்டை அது குறிக்கும். நம் பாடநூல்கள் அதனைச் 'செவ்வன்' என வழங்குகின்றன. அதே நோர்மல் என்ற சொல் ஆசிரியர் ஓய்வறையிலும், மருத்துவமனை வாசலிலும், கலியாணப் பேச்சிலும் வேறொரு பொருளோடு உலாவுகின்றது. "அந்தப் பிள்ளை நோர்மல் இல்லை" என்று ஓர் ஆசிரியர் சொல்லிவிட்டால், அப்பிள்ளை பின்வாங்குக்குப் போய்விடுகின்றது. அதன்பின் அதனிடம் எவரும் கேள்வி கேட்பதில்லை. ஒரு கோட்டைக் குறித்த சொல் ஒரு குழந்தையின்மீது தீர்ப்பாக வந்து விழுந்தது எவ்வாறு? இதுவே நம் விசாரணை.

இலத்தீன் மொழியிலே 'நோர்மா' என்பது தச்சரும் கட்டடத் தொழிலாளரும் கையாண்ட மூலைமட்டத்தின் பெயர். அறிவதற்கு உதவும் கருவி என்ற பொருளுடைய 'நோமோன்' என்னும் கிரேக்கச் சொல்லே இவ்வாறு திரிந்தது என அறிஞர் பலர் கொள்வர். கி.மு. முதலாம் நூற்றாண்டிலே கட்டடக்கலை பற்றிப் பத்து நூல்கள் எழுதிய உரோமரான விற்றுருவியஸ், தம் ஒன்பதாம் நூலின் முன்னுரையில், மூலைமட்டத்தைப் பிழையின்றிச் செய்யும் வழியைக் கூறுகின்றார். மூன்றடி, நாலடி, ஐந்தடி நீளமான மூன்று சட்டங்களை எடுத்து நுனியோடு நுனி பொருத்துக. குறுகிய இரண்டும் சந்திக்கும் மூலை செங்கோணமாகும். இதனைப் பைதகரஸின் கண்டுபிடிப்பு என்று அவர் போற்றுகின்றார். இன்றும் நம்மூர் மேசன்மார் அத்திவாரம் வெட்டுமுன் நூல் கட்டி, மூன்று, நாலு, ஐந்து என அளந்தே மூலை பிடிக்கின்றனர். அவர்களுட் பலர் பைதகரஸின் பெயரைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். ஆயினும் அவர்கள் எழுப்பிய சுவர்கள் நிற்கின்றன.

மூலைமட்டத்துக்கு இசைந்தது 'நோர்மாலிஸ்'. அதாவது செங்கோணமாக அமைந்தது. மூலைமட்டத்துக்கு வெளியே போனது 'எனோர்மிஸ்'; ஆங்கிலத்திலே மிகப் பெரியது என்ற பொருளில் வழங்கும் 'எனோர்மஸ்' அதன் வழிவந்ததே. உரோமர் காலத்திலேயே நோர்மா என்ற சொல் நடத்தைக்குரிய விதி என்ற உருவகப் பொருளையும் பெற்றிருந்தது. எனினும், பெரும்பான்மையோரைப் போல இருப்பவன் நோர்மல், அவ்வாறு இல்லாதவன் குறையுடையவன் என்ற பொருள் அன்று அச்சொல்லில் இல்லை. அது மிகவும் பிற்பட்ட காலத்துச் சரக்கு.

பிரெஞ்சுப் புரட்சியின் பின் 1794 இல் பாரிஸிலே 'எக்கோல் நோர்மால்' என்ற கல்லூரியை நிறுவ ஆணை பிறந்தது. ஆசிரியரைப் பயிற்றுவதும், கற்பித்தலுக்கு ஒரு முன்மாதிரியை வகுப்பதும் அதன் நோக்கம். நோர்மல் பாடசாலை என்பது ஆசிரியர் பயிலும் கூடத்தின் பெயராயிற்று. அடுத்த தலைமுறையில் பிரெஞ்சு மருத்துவர்கள் உடம்பின் நோயற்ற நிலையை நோர்மல் என அழைக்கத் தொடங்கினர். 1828 இல் நூல் வெளியிட்ட புறூசே என்ற மருத்துவர், நோய்க்கும் நலத்துக்கும் இடையே உள்ளது அளவின் வேறுபாடே என வாதிட்டார். சமூகவியலின் தந்தை எனப்படும் கொம்ற் அக்கருத்தை மருத்துவத்திலிருந்து எடுத்துச் சமுதாயத்தின்மேற் பொருத்தினார். இவ்வாறு முதலிற் பாடசாலையிலும், பின்பு மருத்துவமனையிலும், இறுதியிற் சமுதாயத்திலும் மூலைமட்டம் நுழைந்தது. ஆங்கிலத்தில் 'வழக்கமானது' என்ற இன்றைய பொருள் பரவியது 1840 ஐ ஒட்டிய காலத்திலேயே.

அக்காலம் எத்தகைய காலம் என்பது மனங்கொள்ளத்தக்கது. ஆலைகள் பெருகிய காலம் அது. ஒரே அச்சில் வார்த்த உறுப்புக்கள் ஆலைக்கு வேண்டியிருந்தன. ஒரே அச்சில் வார்த்த தொழிலாளரும் வேண்டியிருந்தனர். அரசுக்கோ ஒரே அளவுச் சீருடைக்குள் அடங்கும் படைவீரர் வேண்டியிருந்தனர். பெல்சிய வானியலாளரான கெற்லே 1835 இல் வெளியிட்ட நூலில் 'சராசரி மனிதன்' என்ற கருத்தை முன்வைத்தார். 1846 இல் ஸ்கொற்லாந்துப் படையினர் 5,738 பேரின் மார்புச் சுற்றளவுகளை எடுத்து, அவை மணி வடிவான ஒரு வளையியிற் பொருந்துவதைக் காட்டினார். அவ்வளையி வானியலாளர் நன்கறிந்ததே. ஒரே விண்மீனைப் பலமுறை அளந்தால் அளவுகள் சிறிது முன்பின்னாக விழும். அவ்வழுக்களின் பரம்பலையே 1809 இல் கௌஸ் அவ்வாறு விளக்கியிருந்தார்.

இங்குதான் கண்கட்டு வித்தை நிகழ்கின்றது. விண்மீன் ஒன்று, அதற்கு உண்மையான இடமும் ஒன்று, ஏனைய அளவுகள் பிழைகள். ஆனால் 5,738 மனிதர் 5,738 மனிதரே! நடுவில் நிற்கும் அளவு உண்மை மனிதனுடையது, மற்றையோர் இயற்கை செய்த பிழைகள் என்று கொள்வதற்கு எவ்வித நியாயமும் இல்லை. அவ்வாறிருந்தும் கெற்லே சராசரி மனிதனை அழகின் இலட்சியமாகவும் அறத்தின் இலட்சியமாகவும் உயர்த்தினார். இருப்பது என்பது இருக்கவேண்டியது என்றாயிற்று.

அவரைத் தொடர்ந்த இங்கிலாந்தின் கோல்ற்றன் இன்னொரு படி சென்றார். நடுவில் நிற்பது அவருக்குப் போதவில்லை. மனிதரை மேலோர், கீழோர் என நிரைப்படுத்தினார். 1883 இல் 'இயுஜெனிக்ஸ்' என்ற சொல்லை ஆக்கியவர் அவரே. நல்ல குடியினரைப் பெருக்குவது, தாழ்ந்தோரைக் குறைப்பது என்ற கொள்கை அது. அதன் விளைச்சலை உலகம் கண்டது. 'மந்த புத்தியினர்' என முத்திரை குத்தப்பட்டோரைக் கட்டாய மலடாக்கும் சட்டத்தை 1927 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லுபடியாக்கியது. 1933 இல் நாற்சிகளின் யேர்மனி தன் சட்டத்தை இயற்றியது. அங்கே மூலைமட்டம் அறுவைக் கத்தியாயிற்று.

மணி வளையிக்கு 'நோர்மல்' என்ற பெயர் 1870 களில் தோன்றியது; அதனைப் பரப்பியவர் கோல்ற்றனின் வழித்தோன்றலான பியர்சன். அவரே 1920 இல், இப்பெயரால் மற்றைய பரம்பல்கள் யாவும் ஏதோ வகையிற் பிறழ்ந்தவை என மக்கள் நம்ப நேர்ந்தது என்று வருந்தி எழுதினார். பெயரில் என்ன இருக்கிறது எனக் கேட்கும் கணித நண்பர்களுக்கு, பெயரைப் பரப்பிய கணிதரின் வாக்குமூலமே விடையாகும்.

இலத்தீனின் பக்கத்திலே கிரேக்கத்தையும் வைத்து நோக்குவோம். 'ஓர்தோஸ்' என்பது நேரானது. 'ஓர்தோகோணல்' என்னும் கணிதச் சொல் அதன் வழியது. செங்கோணமுடையது என்பது பொருள். வைதிக நம்பிக்கையைக் குறிக்கும் 'ஓர்தடொக்ஸ்' என்பதும் அதன் வழியதே. 1741 இல் அந்திரி என்ற பிரெஞ்சு மருத்துவர் அதே சொல்லோடு குழந்தை என்ற சொல்லையும் இணைத்து 'ஓர்தோபெடி' என்ற பெயரை ஆக்கினார். இன்று என்பு மருத்துவத்தைக் குறிக்கும் அச்சொல்லின் நேர்ப்பொருள், பிள்ளையை நிமிர்த்துதல் என்பதாம். கோணி வளர்ந்த மரமொன்று நேரான கம்பத்தோடு கயிற்றாற் பிணைக்கப்பட்ட படம் அந்நூலில் உண்டு. என்பு முறிந்தவனுக்குக் கம்பம் வேண்டும், மறுப்பார் இலர். ஆனால் இடக்கையால் எழுதிய பிள்ளையின் விரலை அடிமட்டத்தால் அடித்த தலைமுறையினர், தாமும் கம்பம் நடுவதாகவே எண்ணினர்.

இனித் தமிழுக்கு வருவோம். இது மேல்நாட்டார் நோய், நம் மொழி தூயது என்று எவரும் நிம்மதி கொள்ள வேண்டியதில்லை. செம்மை என்பது நம்மிடத்தில் நேர்மை. அதிலிருந்தே செங்குத்தும், செவ்வகமும், செங்கோணமும் பிறந்தன. கோணுதல் வளைதலாதலின், சொற்பொருளை நோக்கினால் செங்கோணம் என்பது செம்மையான கோணலாகும். ஆனால் அதே செம்மையிலிருந்துதான் செங்கோலும் பிறந்தது. அரசன் கையில் உள்ள கோல் நேரானது என்று யார் சொன்னார்? அரசனிடம் பரிசில் பெற்றோர் சொன்னார்கள். அதே செம்மையிலிருந்தே செந்தமிழும் பிறந்தது. அதற்கு எதிரே கொடுந்தமிழ் என்றொரு வளைந்த தமிழையும் இலக்கணகாரர் வகுத்தனர். எவனுடைய பேச்சு வளைந்தது? அளவுகோல் தன் கையில் இல்லாதவனுடைய பேச்சு!

1960 களின் முற்பகுதியில் ஈழத்திலே நிகழ்ந்த மரபுப் போராட்டத்தை மறந்துவிடலாகாது. உழைப்போரும் ஒடுக்கப்பட்டோரும் பேசும் தமிழை முற்போக்கு எழுத்தாளர் கதைகளிற் கையாண்டபோது, அதனை 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர் சிலர் பழித்தனர். மொழியை அளப்பதாகக் கூறிக்கொண்டு அவர்கள் அளந்தது பேசுவோனின் சாதியையே.

தொழிற் கருவியின் பெயருக்கு நம்மிடையே நேர்ந்த கதி இன்னும் கொடியது. மூலைமட்டம், நீர்மட்டம் என்பன தொழிலாளியின் கருவிகள். மட்டம் அளவைக் குறிப்பது. இன்று 'மட்டமான சரக்கு' என்கிறோம்; ஒருவனை இழிவுபடுத்துவதை 'மட்டந் தட்டுதல்' என்கிறோம். இலத்தீனிலே கருவியின் பெயர் ஆள்வோர் கைக்குப் போய் உயர்வு பெற்றது. தமிழிலே அதே இனத்துக் கருவியின் பெயர் உழைப்பவன் கையிலேயே நின்று இழிவு பெற்றது. மூலைமட்டத்தைப் பிடித்த தச்சனும் மேசனும் எழுப்பிய கோயிலுக்குள் நுழைய முடியாமல் எத்தனை சாதியார் வெளியே நிறுத்தப்பட்டனர் என்பதை யாழ்ப்பாணத்தவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கலைச்சொல்லாக்கத்திலும் இச்சிக்கல் புகுந்துள்ளது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வளைகோட்டுக்குரியதைச் 'செங்கோடு' என்றும், மணி வளையிக்குரியதை 'இயல்நிலைப் பரவல்' என்றும் இரு சொற்களால் வழங்குகின்றன. நாம் இரண்டையும் செவ்வன் என்றே வழங்குகிறோம். 'செவ்வன் மறுதாக்கம்', 'செவ்வன் பரம்பல்' என்பன உயர்தர மாணவர் அறிந்த தொடர்கள். நம் வழக்கிலே கேத்திரகணிதத்தின் நினைவு அழியாமல் நிற்கின்றது, அது நன்று. 'இயல்நிலை' என்பதோ, அவ்வளையியிற் பொருந்தாதது இயற்கைக்கு மாறானது என்ற மயக்கத்தைப் பெயரிலேயே விதைக்கின்றது. எனினும் நாமும் தப்பவில்லை. 'செவ்வனே செய்தான்' என்று நாளாந்தம் பேசும் மாணவனின் செவியிலே, செவ்வன் பரம்பல் என்பது செம்மையான பரம்பல், சரியான பரம்பல் என்றே விழும். பியர்சன் வருந்திய அதே குற்றம் தமிழுடை தரித்து வந்து நிற்கின்றது. வளைகோட்டுக்கும் மறுதாக்கத்துக்கும் செவ்வன் என்பதை வைத்துக்கொண்டு, பரம்பலை மட்டும் கௌஸின் பரம்பல் என வழங்குதல் தகும். உலகிற் பல நாட்டார் அவ்வாறே வழங்குகின்றனர்.

இது வெறும் சொற்சண்டை அன்று. இந்நாட்டு இளைஞரின் வாழ்வோடு பிணைந்த விடயம். 1971 இல் பேராதனைப் பொறியியற் பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளிகளும், சிங்களமொழி மூல மாணவருக்கு 227 புள்ளிகளும் வெட்டுப்புள்ளிகளாயின. 1973 இல் 'தரப்படுத்தல்' என்ற பெயரிலே, மொழிவாரியாகப் புள்ளிகளைப் பொது அளவொன்றுக்கு மாற்றும் முறை வந்தது. 1974 இல் மாவட்ட ஒதுக்கீடு அதனோடு சேர்ந்தது. இடை, நியம விலகல் என்ற புள்ளிவிபரவியற் கருவிகள் அன்று அரசின் இனக் கொள்கைக்குக் கையாளாயின. கணிதம் நடுநிலையானது என்ற நம்பிக்கையே அநீதிக்குப் போர்வையாயிற்று. ஒரு தலைமுறை இளைஞரின் கசப்பு எங்கே போய் முடிந்தது என்பதை நாம் அறிவோம்.

ஆயின் உண்மையின் மறுபக்கத்தையும் கூறாதுவிடுதல் முற்போக்காளருக்கு அழகன்று. தரப்படுத்தலுக்கு முன்னிருந்த மூலப்புள்ளி மட்டும் நேரான கோலா? மிசன் கல்லூரிகளும் ஆய்வுகூடங்களும் நிறைந்த யாழ்ப்பாண நகரத்து மாணவனையும், வன்னிக் கிராமத்தில் விஞ்ஞான ஆசிரியரையே காணாத மாணவனையும் ஒரே புள்ளியால் அளந்தது எவ்வகை நியாயம்? 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையக மக்களின் பிள்ளைகளை அந்த அளவுகோல் அளக்கவேயில்லை. தென்னிலங்கையின் ஏழைக் கிராமத்துச் சிங்களப் பிள்ளைக்கும் கொழும்பின் பெரிய கல்லூரிகள் எட்டாத தூரத்திலேயே இருந்தன. அவ்வேற்றத்தாழ்வை நீக்கும் வழி பாடசாலையைக் கட்டுவது. அரசு பாடசாலையைக் கட்டாமற் புள்ளியைத் திருத்தியது. சுவர் கோணியிருக்க, மூலைமட்டத்தை வளைத்தது!

2001 ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையிலிருந்து இசட் புள்ளி முறை நடைமுறையில் உள்ளது. ஒரு பாடத்தின் இடையிலிருந்து ஒரு மாணவர் எத்தனை நியம விலகல் தூரத்தில் நிற்கிறார் என்பதை அது கூறும். வெவ்வேறு பாடங்களின் கடினத்தை ஈடுசெய்ய அது உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவ்விடத்தில் அவர் ஏன் நிற்கிறார் என்பதை அது கூறாது. 2011 இல் பழைய, புதிய பாடத்திட்டங்களின்கீழ்த் தோற்றிய இரு வேறு மாணவர் தொகுதிகளை ஒன்றாக்கிக் கணித்தமையால் பெருங்குழப்பம் விளைந்தது. 2012 இல் உயர் நீதிமன்றம் அக்கணிப்பைத் தள்ளி, மீளக் கணிக்கப் பணித்தது. எந்தக் கூட்டத்தின் நடுவை நடுவென்று கொள்வது என்பது கணிதம் விடை தரும் கேள்வி அன்று. அதனை மனிதர் தீர்மானிக்கின்றனர். மாணவரைத் தசமத்தில் வேறுபடுத்திக் காட்டும் எண்ணின் முன் கைகட்டி நிற்கும் பெற்றோருக்கு, இதனையேனும் நாம் விளக்கவேண்டாமா?

இருவகை மறுப்புக்கள் எழக்கூடும். சொல்லின் பிறப்பு அதன் இன்றைய பொருளைக் கட்டுப்படுத்தாது என்பது ஒன்று. உண்மையே. நோர்மல் என்று சொல்பவர் எல்லோரும் மூலைமட்டத்தை நினைக்கவேண்டும் என யான் கூறவில்லை. பொருள் மாறியது தானாக நிகழ்ந்ததன்று. ஆலையும் படையும் அரசும் வேண்டியபடி நிகழ்ந்தது என்பதே என் வாதம்.

அளவின்றி மருத்துவம் ஏது என்பது மற்றையது. மருத்துவ தத்துவ அறிஞரான கங்கிலேம் இதற்கு விடை கூறியுள்ளார். 1943 இல் அவர் சமர்ப்பித்து, 1966 இல் விரிவாக்கி வெளியிட்ட ஆய்வு இப்பொருள் பற்றியதே. நலம் என்பது சராசரியோடு ஒத்திருத்தல் அன்று. மாறும் சூழலுக்கேற்ப வாழ்வு தனக்குப் புதிய நெறிகளை வகுத்துக்கொள்ளும் ஆற்றலே நலம் என்பது அவர் முடிபு. உயர்ந்த மலைநாட்டில் வாழ்வோரின் குருதியிற் செங்கலங்கள் மிகுந்திருக்கும். கடற்கரை ஊரவரின் அளவால் அது பிறழ்வு. அம்மலையின் காற்றுக்கு அதுவே நலம். சராசரி பலரைப் பற்றி அறிய உதவும். ஒருவர்மீது தீர்ப்புக் கூற உதவாது.

ஆசிரிய நண்பர்களே! செங்கோணம் கற்பிக்கும் நாளிலே, மூன்று, நாலு, ஐந்து முடிச்சிட்ட கயிறொன்றை வகுப்புக்குக் கொண்டுசெல்லுங்கள். ஊர் மேசன் ஒருவரை அழைத்து, அவர் மூலை பிடிப்பதைப் பிள்ளைகள் பார்க்கச் செய்யுங்கள். அறிவு எவர் கையிலிருந்து வந்தது என்பதை அவர்கள் காணட்டும். ஆசிரியர் அறையிலோ, பிள்ளையைக் குறித்து நோர்மல் என்றோ நோர்மல் இல்லை என்றோ பேசுவதை நிறுத்துவோம். கண் தெரியவில்லையெனில் கண் தெரியவில்லை என்போம். பசியெனில் பசி என்போம். எழுத்துக் கூட்டத் தெரியவில்லையெனில், நாம் இன்னும் கற்பிக்கவில்லை என்போம். காரணத்தைச் சொல்லும் சொல் பரிகாரத்துக்கு வழிகாட்டும். முத்திரை குத்தும் சொல் வழியை அடைக்கும்.

கி.மு. 300 அளவில் யூக்கிளிட் தம் முதல் நூலிலே செங்கோணத்துக்கு இலக்கணம் வகுத்தபோது, பாகையைக் கூறவில்லை, கருவியைக் கூறவில்லை, நடுவையும் கூறவில்லை. ஒரு நேர்கோட்டின்மேல் இன்னொன்று நிற்க, இருமருங்கும் அமையும் அடுத்துள்ள கோணங்கள் ஒன்றுக்கொன்று சமமாயின், அவை ஒவ்வொன்றும் செங்கோணம் என்றார். அயலானோடு சமமாயிருத்தலே அதன் இலக்கணம். செம்மை என்பதற்கு இதனினும் மேலான பொருளை ஆள்வோர் எவரும் இதுவரை தரவில்லை. அப்பொருளிலேயே அதனைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம்.